டயர்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டவர்கள்

டயர்க்காரர் ஒரு டயர்கூட விற்றதில்லை. பஞ்சர் ஒட்டியதும் இல்லை. ஒரு டயர்த் தொழிற்சாலையின் கடைசிக் கொட்டகையில் இருபது வருடங்களுக்கு மேல் நின்றுகொண்டு, வெளியே போகவிருந்த டயர்களில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். குறை தென்பட்டால் சத்தம் போடமாட்டார். டயரைப் பார்ப்பார். அதைச் செய்த ஆளைப் பார்ப்பார். மறுபடி டயரைப் பார்ப்பார். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போனவர்கள் உண்டு. நிர்வாகத்துக்கு அவரிடம் மிகுந்த திருப்தி.

பிறகு நிர்வாகம் தொழிற்சாலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோயிற்று. இயந்திரங்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றி, பெட்டியில் அடைத்து, மேலே 'கவனமாகக் கையாளவும்' என்று எழுதி அனுப்பினார்கள். ஆட்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பினார்கள். டயர்க்காரருக்கு அப்போது நாற்பத்தேழு வயது.

குறை கண்டுபிடிக்கும் வேலை வேறெங்காவது கிடைக்குமா என்று அலைந்து பார்த்தார். அந்த வேலையை இப்போது கேமரா செய்கிறது என்றார்கள். ஓர் இடத்தில் அந்தக் கேமராவையே காட்டினார்கள். அதன் கண்ணாடியில் ஒரு கீறல் இருப்பதைச் சுட்டிக்காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அவர் மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறவர்களுக்கு ஆறு மாதப் படிப்பு இருக்கிறது, ஆள் பற்றாக்குறை, வயதையெல்லாம் பார்ப்பதில்லை என்று கடைக்கு வந்த யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அதை வீட்டில் வந்து சொன்னவள், "எதை எடுத்தாலும் உத்து உத்துப் பாக்கற ஆளுதானே நீங்க? நரம்பை உத்துப் பாருங்க. அதுக்குச் சம்பளமும் தருவாங்க" என்றாள்.

அவர் யோசித்துப் பார்த்தார். தடவிப் பார்ப்பது, உற்றுப் பார்ப்பது, இருக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பது. பழைய வேலை மாதிரியேதான் தோன்றியது. டயர் 'ஆ' என்று சொல்லாது என்கிற ஒரு வித்தியாசம் மட்டும் அவர் கணக்கில் வரவில்லை.

வகுப்பில் எல்லோரும் அவர் மகள் வயசுக்காரர்கள். அவர் முன்பு எங்கே வேலை பார்த்தார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, 'டயர் அங்கிள்' என்று பெயர் வைத்தார்கள். ஊசி குத்திப் பழக ரப்பரில் செய்த கை ஒன்று இருந்தது. பல வருடப் பிள்ளைகள் குத்திக் குத்தி அதன் நரம்பு இருக்குமிடம் சல்லடையாகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வைத்தாலும் ஊசி தானே வழி தேடிக்கொண்டு உள்ளே போய்விடும். டயர்க்காரர் அதை அப்படிப் பார்க்கவில்லை. தனக்குக் கைராசி என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு ஊசி கொண்டுபோகக் கூடாது என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் நரம்பு எழும்புவதற்காகக் கையில் கட்டுகிற ரப்பர்ப் பட்டையை மட்டும் கொண்டுபோனார். டிவி பார்த்துக்கொண்டிருக்கிறவர்களின் கையைக் கேட்காமல் எடுத்து, பட்டையைக் கட்டி, விரலால் தடவிப் பார்ப்பார். மகள் தன் அறைக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். மாடியில் குடியிருந்த மச்சானுக்குக் கைநரம்பு கயிறு கயிறாக இருக்கும். அதனால் மச்சான்தான் அதிகம் மாட்டிக்கொண்டார். விஷயம் பரவியதும் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் முழுக்கைச் சட்டையோடு வந்தார்கள். பிறகு போன் பண்ணி விசாரிப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு தடவை மனைவியின் கையில் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, புத்தகத்தில் எதையோ சரிபார்க்கப் போனவர் அங்கேயே படிக்க உட்கார்ந்துவிட்டார். அவள் கத்திக் கூப்பிட்ட பிறகுதான் வந்து அவிழ்த்தார். மேல்கையில் கன்றிப்போய் நீலமாகத் தடம் விழுந்தது. மறுநாள் கண்ணாடிக் கடைக்கு வந்த ஒரு பெண் அதைப் பார்த்தாள். கணவர்களிடம் அடிபடும் பெண்களுக்கு உதவி செய்கிற அமைப்பின் போன் நம்பரைச் சின்னச் சீட்டில் எழுதி மனைவியின் கையில் அழுத்திவிட்டுப் போனாள். மனைவி அதைப் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

படிப்பு முடிந்து, பயிற்சிக்காக ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தார். நீளமான அறை. துணித் திரை போட்டுப் பிரித்த தடுப்புகள். ஒவ்வொன்றிலும் கை வைக்கப் பலகை பொருத்திய நாற்காலி, பஞ்சு, ஸ்பிரிட், கலர் கலர் மூடி போட்ட சின்னக் குழாய்கள், குத்தி முடித்த ஊசியைப் போடுகிற மஞ்சள் டப்பா. வெளியே டோக்கனோடு ஆட்கள் காத்திருப்பார்கள். பெரும்பாலும் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் என்பதால் யாரும் நல்ல மனநிலையில் இருப்பதில்லை.

அங்கே அவருக்கு மேலதிகாரி ஓர் இளம்பெண். இருபத்தாறு வயது இருக்கும். ஆள் குட்டை என்பதால் ஸ்டூல் போட்டுத்தான் மேல் அலமாரியை எட்டுவாள். எல்லோரும் 'சின்ன மேடம்' என்பார்கள். முதல் நாளே இருவருக்கும் ஒரு சங்கடம் வந்தது. அவரைப் பார்த்தால் அவளுக்கு 'சார்' என்றுதான் வாயில் வந்தது. அவர் அவளை 'மேடம்' என்றாக வேண்டும். சாரும் மேடமும் மாறி மாறி மரியாதை செலுத்தியதில் முதல் வாரம் வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தது.

சின்ன மேடம் ஒரே ஒரு விதி சொன்னாள். ஓர் ஆளுக்கு இரண்டு குத்துதான். இரண்டிலும் ரத்தம் வராவிட்டால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வேறு ஒருவரைக் கூப்பிட வேண்டும். மூன்றாவது குத்து கிடையாது.

டயர்க்காரர் சிரித்துக்கொண்டார். ரப்பர்க் கையில் அவருக்கு இரண்டாவது குத்தே தேவைப்பட்டதில்லை.

நிஜக் கை வேறு மாதிரி இருந்தது. தொட்டுப் பார்க்கும்போது இருந்த நரம்பு, ஊசியைப் பார்த்ததும் இடம் மாறிவிட்டது. சிலருடையது உருண்டது. சிலருடையது ஒளிந்துகொண்டது. ஊசி உள்ளே போய் ரத்தம் வராமல் நிற்கிற அந்த நேரத்தில், அவருக்கு நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு ஏதோ ஒன்று தொப்பென்று விழுந்தது. காது இரண்டும் சுட்டது. தொழிற்சாலையில் இத்தனை வருடத்தில் தவறு செய்தவர்களின் எதிரே நின்றிருக்கிறாரே தவிர, அந்த இடத்தில் நின்றதில்லை. அங்கே நின்றால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முகத்துக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது அதைச் செய்தது.

கையைப் பார்த்தார். கைக்குரியவரைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க சார், என் நரம்பு எப்பவுமே இப்படித்தான்" என்றார் அந்த மனிதர்.

"பரவாயில்ல" என்றார் டயர்க்காரர்.

அன்று முதல் அது வழக்கமாகிவிட்டது. அவர் தவறவிட்ட ஒவ்வொருவரும் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். ஒருவர் தான் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்றார். இன்னொருவர் இது பரம்பரையாக வருவது, அப்பாவுக்கும் இதே நரம்புதான் என்று விளக்கினார். கல்லூரிப் பெண் ஒருத்தி கண்ணீரோடு, அடுத்த தடவை நன்றாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு வருவதாக வாக்குக் கொடுத்தாள். அவர் எல்லோரையும் பெருந்தன்மையாக மன்னித்தார்.

ஒரு வாரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்த சின்ன மேடம், டீ குடிக்கும் நேரத்தில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சார், இன்னிக்குக் காலையில மட்டும் நாலு பேர் உங்ககிட்ட ஸாரி கேட்டிருக்காங்க."

"ஆமா மேடம். நல்ல மனுஷங்க."

"குத்துனது நீங்க. ஸாரி கேக்கறது அவங்க. ஏன்னு யோசிச்சுப் பாத்தீங்களா?"

அவர் இல்லை என்றார். யோசித்துப் பாருங்கள் என்றாள் அவள். அவர் சொன்னதைச் செய்கிற ஆள். அன்று சாயங்காலம் முழுவதும் யோசித்தார். இந்தக் காலத்தில் மனிதர்களின் நரம்புத் தரம் குறைந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தார்.

ஆனால் காது சுடுவது நிற்கவில்லை. ஒவ்வொரு தவறுக்குப் பிறகும் சாமான் அறைக்குப் போய், கையுறைப் பெட்டிகளுக்கு நடுவில் காது ஆறும்வரை நிற்பார். அடிக்கடி காணாமல் போகிறாரே என்று கவனித்த வரவேற்பு மேசைப் பெண், இந்த வயதில் இது சர்க்கரையாகத்தான் இருக்கும் என்று கவலைப்பட்டாள். இங்கே வேலை செய்கிறவர்களுக்கு இலவசம், பார்த்துவிடுங்கள் என்று அவரை வற்புறுத்தினாள். மறுக்கக் காரணம் சொல்ல முடியாமல் கையை நீட்டினார். சின்ன மேடம்தான் எடுத்தாள். ஊசி போனதே தெரியவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது. சர்க்கரை இல்லை என்று வந்தது.

மனதை அடக்குவது எப்படி என்று போனில் வீடியோக்கள் பார்த்தார். மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடச் சொன்னார்கள். ஊசியைக் கையில் பிடித்தபடி அப்படிச் செய்ததில், எதிரே இருந்த ஆள், உங்களுக்கு ஆஸ்துமாவா, நான் வேண்டுமானால் அப்புறம் வரவா என்று கேட்டார். இன்னொரு வீடியோவில், உள்ளே என்ன இருந்தாலும் வெளியே புன்னகை செய்யச் சொன்னார்கள். அதையும் செய்தார். ஒரு பெரியவர் அந்தப் புன்னகையையும் ஊசியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, டோக்கனைப் பலகையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு டயர்க்காரர் வீடியோ பார்ப்பதை விட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் தொப்பி அம்மாள் வந்தார்.

கம்பளித் தொப்பி போட்டிருந்தார். அதற்குக் கீழே முடி இல்லை, புருவமும் இல்லை. கடுமையான மருந்துகள் ஏற்றிக்கொண்டிருந்த உடம்பு என்பது பார்த்தாலே தெரிந்தது. ஐம்பது வயதிருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்ததும் தாமாகவே சட்டைக் கையை மடித்துவிட்டு, "முழங்கைப் பக்கம் வேண்டாம். அங்க எல்லாம் போயாச்சு. புறங்கையில பாருங்க, சின்ன ஊசியில" என்றார்.

டயர்க்காரர் தடவிப் பார்த்தார். முழங்கை மடிப்பில் அவர் விரலுக்கு ஒரு நரம்பு நன்றாகவே தட்டுப்பட்டது. இருபது வருடம் குறையைக் கண்டுபிடித்த விரல். அதை நம்புவதா, டோக்கன் வாங்கிக்கொண்டு வந்தவர் சொல்வதை நம்புவதா?

"இங்கயே இருக்கும்மா" என்றார்.

அந்த அம்மாள் கையை நீட்டியபடியே இருந்தார். டயர்க்காரர் குத்தினார். வரவில்லை. அவர் விரலில் தட்டுப்பட்டது நரம்பே இல்லை. பழைய ஊசிகளால் இறுகிப்போன தழும்பு. ஊசியை எடுத்து, பஞ்சை வைத்தார். இரண்டாவது ஊசியை அதே மடிப்பில் ஒரு விரல்கடை தள்ளிக் குத்தினார். வரவில்லை.

வழக்கம்போலக் கையைப் பார்த்தார். அந்த அம்மாளைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். மன்னிப்புக்காகக் காத்திருந்தார்.

அது வரவில்லை. அந்த அம்மாளும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று பார்க்கிற பார்வை.

"அப்புறம்?" என்றார்.

டயர்க்காரர் எழுந்தார். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். சாமான் அறைக்குத்தான் போவதாக நினைத்தார். கால் அதைத் தாண்டியது. காத்திருந்தவர்களைத் தாண்டி, வரவேற்பு மேசையைத் தாண்டி, படியிறங்கித் தெருவுக்கு வந்தார். நடைபாதையில் வேகமாக நடந்தார். நிறுத்தத்தில் ஒரு பஸ் நின்றது. ஏறினார். அது எங்கே போகிற பஸ் என்று பார்க்கவில்லை.

வெள்ளைக் கோட்டும் ரப்பர்க் கையுறையுமாக நின்றவரைப் பார்த்து, ஒரு பயணி எழுந்து இடம் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர், அவசர கேஸா டாக்டர் என்று மரியாதையாகக் கேட்டார். டயர்க்காரர் ஆமாம் என்றார். இனி அந்த இடத்துக்குத் திரும்பப் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தார். மனைவியிடம் என்ன சொல்வது, வேறு என்ன வேலை தேடுவது, காவல்காரர் வேலைக்கு வயது வரம்பு உண்டா என்றெல்லாம் வரிசையாக யோசித்தார். மனம் கொஞ்சம் லேசானது. லேசான மனத்தோடு கையுறையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டபோது, பையில் ரப்பர்ப் பட்டை இல்லை என்பது தெரிந்தது.

எப்போதும் அவிழ்த்ததும் பையில்தான் வைப்பார். அவிழ்த்தேனா?

யோசித்துப் பார்த்தார். பஞ்சு வைத்தது ஞாபகம் இருந்தது. ஊசியை மஞ்சள் டப்பாவில் போட்டது ஞாபகம் இருந்தது. பட்டையை அவிழ்த்தது மட்டும் ஞாபகத்தில் இல்லை. ஏற்கெனவே நொந்துபோன அந்தக் கை, இறுக்கிக் கட்டியபடி பலகையின் மேல் கிடப்பது கண்முன் வந்தது. மனைவியின் கையில் கன்றிய அந்த நீலத் தடமும் கூடவே வந்தது.

"நிறுத்துங்க" என்று கத்தினார்.

அவசர கேஸ் என்று நம்பியிருந்த பயணிகள் அவருக்காக ஓட்டுநரிடம் சேர்ந்து கத்தினார்கள். பஸ் நிறுத்தமில்லாத இடத்தில் நின்றது. அவர் இறங்கி ஓடினார். ஓடிப் பல வருடம் ஆகியிருந்தது. பழக்கடைக்காரர் ஒருவர் எதற்கும் இருக்கட்டும் என்று வழிவிட்டு ஒதுங்கினார். படியேறித் திரையை விலக்கியபோது மூச்சு வாங்கியதில் வாய் பேசவில்லை.

தொப்பி அம்மாள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையை இறக்கிவிட்டிருந்தார். ரப்பர்ப் பட்டை பலகையின் மேல் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"நீங்க போனதுமே நான் அவுத்துட்டேன்" என்றார். "எங்க போனீங்க?"

"பஸ்ல."

"எந்தப் பஸ்?"

"தெரியலை."

அந்த அம்மாள் தலையாட்டினார், எதிர்பார்த்த பதில்தான் என்பது போல. சின்ன மேடம் இரண்டு தடவை எட்டிப் பார்த்ததாகவும், ஆள் இதோ வந்துவிடுவார் என்று சொல்லித் தாம்தான் அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். தான் ஓடிப்போனதை வேறு யாரிடமும் சொல்லவில்லையா என்று டயர்க்காரர் கேட்டார்.

"நான் கார் ஓட்டக் கத்துக் கொடுக்கறவ. ஸ்கூல் வெச்சிருக்கேன். வண்டியைக் கொண்டுபோய் மரத்துல முட்டிட்டு, கதவைத் திறந்துகிட்டு ஓடிப்போறவங்க எத்தனையோ பேர். அவங்க பின்னாடி நான் ஓட மாட்டேன். வண்டியிலயே உக்காந்திருப்பேன். பாதிப் பேர் திரும்பி வந்துடுவாங்க."

"ஏன் வர்றாங்க?"

"செருப்பை வண்டியில விட்டிருப்பாங்க" என்றார் தொப்பி அம்மாள்.

டயர்க்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். காது சுட்டது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் முகம் தனக்குத் தெரிந்த அந்த ஒரே காரியத்தைச் செய்யப் பார்த்தது; மூச்சு இரைத்ததில் அதுவும் சரியாக அமையவில்லை.

"நீங்க புறங்கைன்னு சொன்னீங்க. நான் கேக்கலை. ரெண்டு தடவை உங்களுக்கு வலிச்சதுதான் மிச்சம்" என்றார். பிறகு நின்றார். அடுத்த வார்த்தையை அவர் வாய் அதிகம் பழகியதில்லை. "ஸாரி. என்னால முடியலை. மேடத்தைக் கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க" என்றார் அந்த அம்மாள்.

சின்ன மேடம் வந்தாள். ஒரு கையுறையில் வெந்நீர் பிடித்து, முடிச்சுப் போட்டு, அந்த அம்மாளின் புறங்கை மேல் கொஞ்ச நேரம் வைத்தாள். தோல் சூடானதும், பிடித்துக்கொள்ள பிளாஸ்டிக் இறக்கை வைத்த சின்ன ஊசியால் ஒரே தடவையில் எடுத்துவிட்டாள். எங்கே போயிருந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கோட்டில் பஸ் டிக்கெட் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். மறைப்பதாகத்தான் இருந்தார்; சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் தானே வந்துவிட்டது. பஸ்ஸில் டாக்டராக மாறிய இடத்தில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டிருந்த மகள் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு அவர், "உன் கைக்கும் ஸாரி" என்றார்.

"எந்தக் கை?"

"பட்டை கட்டினேனே."

"அது ஆகி ஆறு மாசமாச்சே."

"தெரியும்."

 அவள் நாற்காலியை மேசைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, ஆரம்பிச்சது ஆரம்பிச்சாச்சு. என் தங்கச்சி வீட்டுல எல்லார் எதிர்லயும் அந்தச் சோபாவைப் பத்திச் சொன்னீங்களே, அது?" என்று கேட்டாள். சோபாவுக்குப் பிறகு வேறு சில விஷயங்களும் வந்தன. இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கை. அன்று சாப்பாடு ஆறிப்போயிற்று.

அடுத்த நாளும் அவருக்கு ரத்தம் தவறியது. அதற்கடுத்த நாளும். உள்ளே தொப்பென்று விழுவது விழுந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் விழுந்ததும் வாய்விட்டுச் சொன்னார். கிடைக்கவில்லை, நான் தள்ளிக் குத்திவிட்டேன், ஸாரி, இன்னொரு தடவை பார்க்கட்டுமா? முதலில் பாடம் ஒப்பிப்பது போலத்தான் வந்தது. சொல்லி முடிப்பதற்குள் காது ஆறிவிடுவதை அவர் கவனித்தார். கையுறைப் பெட்டிகளுக்கு நடுவில் நிற்பதைவிட இது வேகமாக வேலை செய்தது. குத்துவதற்கு முன்னால், வழக்கமாக எந்தக் கையில் கிடைக்கும் என்று கேட்கவும் ஆரம்பித்தார். ஆச்சரியப்படும்படியாக, பெரும்பாலானவர்களுக்குத் தங்கள் கையைப் பற்றித் தெரிந்திருந்தது.

இதில் எதிர்பாராத ஒரு விளைவு வந்தது. அவர் மேல் புகார்கள் குவிந்தன. முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருவர்கூட வாய் திறந்ததில்லை. இப்போது அவர் ஸாரி என்றதும், ஆமாம் வலித்தது, சரியாகக் கற்றுக்கொண்டு வரக்கூடாதா என்று தைரியமாகக் கேட்டார்கள். ஒருவர் வரவேற்பு மேசையில் நின்று, கேட்கிற எல்லோரிடமும் தன் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். டயர்க்காரர் மனம் உடைந்து சின்ன மேடத்திடம் போனார்.

"முன்னாடி ஒரு புகார்கூட இல்ல மேடம்."

"முன்னாடி எல்லாருக்கும் உங்களைப் பாத்தா பயம் சார்" என்றாள். "இப்பதான் பேசறாங்க. கேட்டுக்குங்க."

கேட்டுக்கொண்டார். சில நாள் அது காதைச் சுட்டது, சில நாள் சுடவில்லை. கைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. இரண்டாவது குத்து குறைந்தது. என்றைக்கிலிருந்து என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது.

தொப்பி அம்மாள் மாதத்துக்கு இரண்டு முறை வந்தார். திரைக்குள் தலையை நீட்டி, "மேடம் இருக்காங்களா?" என்பார். டயர்க்காரர் போய்ச் சின்ன மேடத்தைக் கூப்பிடுவார். கையுறையில் வெந்நீர் பிடித்துத் தருவது அவர் வேலை. சூடு சரியா என்று கேட்பார், சரி என்பார் அந்த அம்மாள். அத்தோடு முடிந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த 'மேடம் இருக்காங்களா' டயர்க்காரரைச் சுருக்கென்று குத்தியது. ஒவ்வொரு தடவையும் அடுத்த டோக்கன் வந்து உட்கார்ந்ததும் மறந்துபோயிற்று. அந்த அம்மாளிடம் தன்னை நிரூபிக்க ஒரு சந்தர்ப்பம் வேண்டும் என்று ஆரம்பத்தில் ஏங்கியிருக்கிறார். பிறகு ஏங்குவதை நிறுத்திவிட்டார். அந்த அம்மாளின் கை, அந்த அம்மாளின் இஷ்டம்.

பயிற்சி முடிந்ததும் டயர்க்காரரை அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். சின்ன மேடத்தை இன்னொரு கிளைக்குப் பெரிய பொறுப்பு கொடுத்து மாற்றினார்கள். போகிற அன்று அவள் எல்லோருக்கும் கை கொடுத்தாள். அவர் கையைப் பிடித்தபோது, பழக்க தோஷத்தில் இருவருமே ஒருவர் மணிக்கட்டு நரம்பை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தொப்பி அம்மாளுக்கு மருந்து ஏற்றுவது முடிந்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள் போல. நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரு காலை வந்தார். தொப்பி இல்லை. தலை முழுக்கக் குட்டைக் குட்டையாக நரைத்த முடி. டயர்க்காரருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. போனில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டே உள்ளே வந்தார். தங்கையாக இருக்க வேண்டும். கூடத்து ஜன்னலுக்கு வாங்கிய திரைத்துணி நிறம் தப்பாக வந்துவிட்டது, அதை யார் கடைக்குக் கொண்டுபோய் மாற்றுவது என்பது பிரச்சினை. பேச்சை விடாமல் நாற்காலியில் உட்கார்ந்து, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையைத் திருப்பிப் புறங்கையைப் பலகையில் வைத்தார்.

மேடம் இருக்காங்களா என்று கேட்கவில்லை. கேட்க மறந்திருக்கலாம்.

டயர்க்காரர் வெந்நீர்க் கையுறையை வைத்தார். பட்டையைக் கட்டினார். நெஞ்சில் வழக்கமாக விழுவது, விழத் தயாராக எழுந்து நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே ஊசியை எடுத்தார்.

"நீ சொன்ன கலர்தான் நான் சொன்னேன். கடைக்காரன் தப்பாக் குடுத்தா நான் என்ன பண்ண முடியும்?" என்றார் அந்த அம்மாள் போனில். பிறகு போனைச் சற்று விலக்கி, "என்ன, இன்னும் குத்தலையா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதும்மா. பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்குங்க."

அந்த அம்மாள் கையைப் பார்த்தார். குழாய்களைப் பார்த்தார். "ஓ" என்றார். பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்து, அந்தக் கடைக்காரனைத் தாமே போய் ஒரு கை பார்த்துவிடுவதாகத் தங்கையிடம் சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

டயர்க்காரர் குழாய்களில் பெயரை ஒட்டினார். ஒட்டியது நேராக இருக்கிறதா என்று பார்த்தார். சங்கடம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவழியாகக் கற்றுக்கொண்டிருந்தார். இது வேறு, சந்தோஷம். இதை யாரிடம் சொல்வது, முகத்தில் எங்கே வைத்துக்கொள்வது என்று எதுவும் தெரியவில்லை. வெளியே பல பேர் வெறும் வயிற்றோடு காத்துக்கொண்டிருந்தார்கள். திரையை விலக்கி, அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார். குரல் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. வரிசையில் மூன்று பேர் எழுந்து நின்றார்கள்.